தரை தட்டிய சம்பந்தம்

கடலில் படகு தரை தட்டினால் பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருப்பீர்கள். வராது. போய்க்கொண்டிருக்கிற படகு, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று திடீரென்று யோசனை வந்தவரைப் போல அப்படியே நிற்கும். அன்றைக்கு எங்களுக்கு விஷயத்தைச் சொன்னது டீதான். முகைதீன் காக்கா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நேரம் படகு நின்றது. டீ நிற்கவில்லை. அது தன் பாட்டுக்கு முன்னால் போய் அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தேன்.

முகைதீன் காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் மகள் ஷிபானாவை என் அக்காள் மகன் ரியாசுக்குக் கேட்டிருந்தோம். அன்று படகின் வலது ஓரத்தில் அவர், அவர் மனைவி நபீசா, ஷிபானா, உறவினர் இருவர் என ஐந்து பேர். இடது ஓரத்தில் ரியாசு, அவனைப் பெற்ற என் அக்கா, என் மனைவி, சொந்தக்காரர் இருவர் என எங்கள் ஐந்து பேர். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நான். முன்னால் நீளக் கம்புடன் புன்னைக்காயல் லூர்து அண்ணாச்சி. கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி கடலில் விழுகிற முகத்துவாரம்.

நிக்காஹுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே படகிலா என்று யாராவது கேட்கலாம். என்னிடம் ஒரு படகுதான் இருந்தது.

லூர்து அண்ணாச்சி கம்பைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தார். நுனியில் கறுப்பாக வண்டல் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்து என் பக்கம் நீட்டினார்.

"உங்க திருநவேலி வயக்காட்டு மண்ணுதான் அண்ணாச்சி. நல்லா உக்காந்துட்டு."

கடல் வற்றத் தொடங்கிவிட்டது, அரைமணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் என்றும் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் அலை தூக்கித் தூக்கிப் போட்டால் படகின் வயிறு தாங்குமா என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

ஏர்வாடிக்காரனுக்குக் கப்பல் எதற்கு

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் படகைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்குநேரிக்கு மேற்கே ஏர்வாடி எங்கள் ஊர். கடலுக்கும் எங்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஊரை ஒட்டி நம்பியாறு உண்டு. அதில் தண்ணீர் வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

நான் ஷார்ஜாவில் படகு பழுது பார்க்கும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தவன். ஊர் திரும்பும்போது என் அரபி முதலாளி, பட்டறை மூலையில் பல காலமாகக் கிடந்த, என்ஜினும் வைத்த பாய்மரப் படகு ஒன்றை எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. பிரிவுத் துயரம் என்று அப்போது நினைத்தேன். அந்த மூலை காலியாகிற சந்தோஷம் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தப் படகை யாரும் வாங்காததற்குக் காரணம் அதன் கத்தி. படகின் வயிற்றுக்கு அடியில், சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக மாட்டியது போல ஓர் இரும்புத் தகடு இறங்கும். பட்டறையில் அதைக் கத்தி என்போம். தலையாட்டிப் பொம்மைக்கு அடியில் கனம் வைப்பார்களே, அதே வேலைதான். காற்று எவ்வளவு தள்ளினாலும் படகு கவிழாது. ஆனால் கத்தியோடு சேர்த்து ஆறரை அடித் தண்ணீர் வேண்டும். நம் கரையோரத்து வள்ளங்கள் முழங்கால் தண்ணீரில் ஜோராகப் போய்விடும்.

படகு தூத்துக்குடியில் வந்து இறங்கிய செய்தி ஏர்வாடி டீக்கடைக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. நம்பியாற்றில் எப்போது விடப்போகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. திசையன்விளைச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி, கப்பல் வாங்கின பாய் நீங்கதானா என்று கேட்டு, ஆமாம் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். காகிதங்களுக்காக நான் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி இன்னொரு நாள் அழுகிறேன்.

லூர்து அண்ணாச்சி அந்தக் கரையை உள்ளங்கை போல அறிந்தவர். முதல் தடவை படகைக் கரையேற்றி வைத்திருந்தபோது வந்து பார்த்தார். மேலே பார்த்தார், கீழே கத்தியைப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது படகு இல்ல அண்ணாச்சி. நங்கூரத்துக்கு மேல வீடு கெட்டி வச்சிருக்காவ."

அப்படிச் சொன்னவர் அதற்குப் பிறகு ஒரு பயணம்கூட விடாமல் கூடவே வந்தார். கேலி செய்வதற்கு இப்படி ஒரு பொருள் அவருக்கு வேறெங்கே கிடைக்கும்?

செருப்பு இல்லாத இடம்

இனி சம்பந்தத்துக்கு வருகிறேன். இது நடந்தது போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தகராறு.

என் அக்கா பெயர் மைமூன். எங்கள் வழக்கில் லாத்தா. மச்சான் மவுத்தான பிறகு ஒற்றை மகனை வளர்த்து ஆளாக்கியவள். ரியாசு ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்த்தான். ஷிபானா பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். இவர்கள் இருவரும் எப்படிப் பழக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தாய்மாமன். எனக்கு எல்லாம் தெரியும், அதனால் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் சம்மதம்தான். இடித்தது ஒரே இடத்தில். காயல்பட்டினத்தில் பெண் புகுந்த வீடு போகிற வழக்கமில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவருக்கென்று ஒரு அறை ஒதுக்கி, கட்டில் போட்டு, ராஜா மாதிரி வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் மருமகள்தான் வர வேண்டும். லாத்தாவுக்கோ ஆறு அறை வீட்டில் மிச்சமிருந்த ஒரே துணை ரியாசு. அவனையும் அனுப்பிவிட்டு ஆறு அறைக்கும் அவள் மட்டும் விளக்குப் போட்டு அணைக்க வேண்டுமா? அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முகைதீன் காக்கா பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

மூன்று தடவை உட்கார்ந்து பேசினோம். ஒரு தடவை ஏர்வாடியில், ஒரு தடவை காயலில், ஒரு தடவை நடுவாந்திரமாகப் பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டலில். மூன்று தடவையும் ஒரே கதை. பேச்சு சூடாகும், யாராவது ஒருத்தர் எழுந்துபோய் செருப்பை மாட்டுவார், அத்தோடு கூட்டம் முடியும். இந்தச் செருப்புதான் என்னை யோசிக்க வைத்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாத இடம் எது?

எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப்போக நான் முடிவு செய்தது இப்படித்தான். வாடைக்காற்று அடங்கி கடல் வழுவழுவென்று கிடந்த மாதம். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லித் தூத்துக்குடியில் ஏற்றிவிட்டேன். ஏறும்போதே லாத்தா என் காதில் சொல்லிவிட்டாள், இன்றைக்கும் முடியவில்லை என்றால் வேறு வீட்டில் பெண் பார்க்கப் போவதாக. சொன்னால் செய்கிறவள். ரியாசு அதைக் கேட்டுக்கொண்டே முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றான்.

இன்னும் கொஞ்சம் கிட்ட

அப்படி உட்காரச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்றிருந்தால்கூட எடை கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கும். இவர்கள் தராசில் நிறுத்துப் போட்டதுபோல இருபுறமும் உட்கார்ந்தார்கள். இரண்டு வீட்டு டிபன் கேரியர்களும் அந்தந்தப் பக்கத்திலேயே இருந்தன.

முகத்துவாரத்தைத் தாண்டியதும் தெற்கே காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் மனாராக்கள் தெரிந்தன. முகைதீன் காக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் வீட்டு மாடி தெரிகிறது, இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் லாத்தாவுக்கும் காட்டலாம் என்றார். லாத்தா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் கழுத்தை நீட்டினாள்.

லூர்து அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போகாதே என்று அர்த்தம். மழைக்கு ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே புதிதாக மேடு கட்டியிருந்தது. எனக்கும் அது தெரியும். இருபது வருஷம் படகோடு கிடந்தவனுக்குத் தெரியாதா?

ஆனால் கேட்டது பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர் பேச்சைத் தட்டினால் நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள்? சரி காக்கா என்று சுக்கானைத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் போனேன். மாடி ஜன்னல் வரைக்கும் தெரிந்தது. அப்போதுதான் டீ கொட்டியது.

வேறு எந்த நாட்டு மாலுமியும் இந்தக் காரணத்துக்காகத் தரை தட்டியிருக்க மாட்டான்.

எந்தப் பக்கம்

கத்தி ஊன்றிய படகை எடுக்க ஒரு வழி உண்டு. படகு நிமிர்ந்து நின்றால் கத்தி நேராக மணலில் இறங்கும். படகைச் சாய்த்துவிட்டால் கத்தியும் சாயும், அதன் நுனி மேலே வரும். சாய்ப்பதற்கு எடை வேண்டும். எல்லோரும் ஒரே பக்கம் வந்து நெருக்கி உட்கார்ந்தால் போதும்.

நான் எழுந்து நின்று விளக்கமாகச் சொன்னேன். சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி சொன்னேன். எல்லோரும் இடது பக்கம் வந்துவிடுங்கள் என்று முடித்தேன். ரத்த பாசம், வாயில் அதுதான் வந்தது.

இடது பக்கம் எதற்கு என்று முகைதீன் காக்கா கேட்டார். காற்று, நீரோட்டம் என்று எதையோ உளறினேன். அவர் நம்பாமல் லூர்து அண்ணாச்சியிடம் கேட்டார். லூர்து அண்ணாச்சிக்குப் பொய் வராது.

"எந்தப் பக்கம்னாலும் சாயும். ஒரு பக்கமா வந்தாச் சரி."

அவரை அப்படியே தண்ணீரில் தள்ளலாம் போல இருந்தது.

முகைதீன் காக்கா டீக்கறைச் சட்டையோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். தாங்கள் இருந்த இடத்தில் இருப்பதாகவும், வருகிறவர்கள் தாராளமாக வரலாம் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். லாத்தா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"நாங்க எதுக்கு அங்கன போவணும்? வேணும்னா அவங்க இங்கன வரட்டும்."

பாளையங்கோட்டை ஓட்டலில் பேசியதும் இதேதான். ஒரே வித்தியாசம், அங்கே செருப்பு இருந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் கத்தி அடியில் இடிப்பது என் உள்ளங்காலில் தெரிந்தது. ஒரு திருமணமும் ஒரு படகும் ஒரே மண்ணில் சிக்கிக் கிடக்க, நான் சுக்கானைப் பிடித்தபடி சும்மா நின்றேன்.

அப்போது ரியாசு எழுந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வலது பக்கம் நடந்தான். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்து ஷிபானா எழுந்து இடது பக்கம் வந்தாள். ஒருத்தர் எழுந்ததை மற்றவர் பார்க்கவில்லை. நடுவில் பாய்மரத்தடியில் முட்டிக்கொள்ளப் போய் நின்றார்கள். அங்கே தேவைக்கு மேல் சற்று அதிக நேரம் நின்றதாக எனக்கு ஞாபகம். பிறகு இவன் அங்கே போய் உட்கார்ந்தான், அவள் இங்கே வந்து லாத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படகு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அந்தப் பக்கமும் ஐந்து, இந்தப் பக்கமும் ஐந்து.

"ஏ பிள்ளைகளா," என்றார் லூர்து அண்ணாச்சி. "இதுல படகுக்கு என்ன லாபம்?"

முதலில் சிரித்தது நபீசா. சத்தம் வராமல் தோள் குலுங்கியது. அடுத்து என் மனைவி. பிறகு லாத்தாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் எதிர்ப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ரியாசு முகைதீன் காக்காவுக்கும் நபீசாவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஷிபானாவின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"அவன்தான் போயிட்டானே. இனி நான் மட்டும் இங்கன இருந்து என்ன செய்ய?"

சுக்கான் கையில் இல்லாவிட்டால் போய் அவள் கையைப் பிடித்திருப்பேன்.

சாய்ந்தது

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் இல்லை. நம் ஆட்களின் மரியாதை வந்து குறுக்கே நின்றது. சம்பந்தியம்மா வருகிறார், பின்னாலேயே எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றதும், முகைதீன் காக்காவும் அவருடைய சொந்தக்காரர்களும் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு எங்கே போவார்கள்? காலியாக இருந்த இடது பக்கத்துக்கு நடையைக் கட்டினார்கள்.

என் வாழ்நாளில் சம்பந்தியைப் பார்த்து நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். "காக்கா, உக்காருங்க காக்கா," என்று கத்தினேன். மனிதர் பயந்துபோய், திரும்பி வந்து வலது பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். லாத்தா நபீசாவை ஒட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் அந்தப் பக்கமே கிடைத்த இடத்தில் சொருகிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அந்த நல்ல குணம் அன்றைக்கு உதவியது.

படகு பையச் சாய்ந்தது. என்ஜினைப் பின்னோக்கி முடுக்கினேன். லூர்து அண்ணாச்சி கம்பை ஊன்றி நெஞ்சால் தள்ளினார். அடியில் நறநறவென்று ஒரு சத்தம், ஒரு இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை. படகு மிதந்தது.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஷிபானா மெதுவாக, இனி பழைய இடத்துக்குப் போகலாமா மாமா என்று கேட்டாள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள், பரவாயில்லை. அப்போதே நாங்கள் ஆழத்துக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, இன்னும் மணல் மேடு இருக்கிறது, யாரும் அசையக் கூடாது என்று சொன்னேன். தூத்துக்குடி கலங்கரை விளக்கம் கண்ணில் படும்வரை அப்படியே வைத்திருந்தேன். லூர்து அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர், நல்லவேளை, அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரம் ஒரே பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? டிபன் கேரியர்கள் திறந்தன. எங்கள் இடியாப்பம் அவர்கள் மடியிலும், அவர்கள் கறி எங்கள் மடியிலும் சரிந்தது. அந்தச் சாப்பாட்டுக்கு நடுவில்தான் லாத்தா நபீசாவிடம் கேட்டாள், மாப்பிள்ளைக்கு எந்த அறை என்று.

"மாடியில, கிழக்க பாத்த அறை. கடக்காத்து நல்லா வரும்."

லாத்தா ஒரு வாய் இடியாப்பத்தை மென்று முடித்தாள்.

"அவனுக்குச் சளி பிடிக்கும். ஜன்னல்ல ஒரு கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லு."

சம்மதம் அவ்வளவுதான். முகைதீன் காக்கா கேட்டார், கேட்டும் கேட்காத மாதிரி கடலைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் தெறித்ததாகச் சொன்னார்.

கிழக்குப் பார்த்த அறை

நிக்காஹ் நடந்தது. ரியாசு காயலுக்குப் போனான். ஏர்வாடி வீட்டில் ஆறு அறைக்கும் லாத்தா ஒருத்தியே விளக்குப் போட்டாள். நான் தினமும் போய்ப் பார்ப்பேன். பார்க்கப் போனால் திட்டுவாள், போகாவிட்டாலும் திட்டுவாள்.

யார் வீட்டில் இருப்பது என்று மூன்று தடவை கூட்டம் போட்டு, ஒரு படகைத் தரையில் ஏற்றி முடிவுசெய்த விஷயம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ரியாசுக்கு ஓமனில் வேலை கிடைத்தது. ஷிபானாவுக்கும் அங்கேயே ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. இந்த வீடும் இல்லை, அந்த வீடும் இல்லை என்று இருவரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த நபீசா, காலியான மாடியைப் பார்க்க முடியவில்லை என்று லாத்தாவுக்குப் போன் போட்டாள். நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். லாத்தா நாலு சேலையோடு போனாள்.

அது நோன்புக்கு முன்னால். இப்போது ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்துவிட்டது; நாலு நாள் நாலு மாசமாகிவிட்டது. போன வாரம் அவளைக் கூட்டி வரலாம் என்று காயலுக்குப் போனேன். மாடியில் மாப்பிள்ளைக்குப் போட்ட கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். ஜன்னலின் இரண்டு கதவும் விரியத் திறந்து கடல்காற்று அள்ளியது. நபீசா தட்டில் டீயும் அந்த ஊர்ப் பலகாரம் வாடாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கீழே முகைதீன் காக்கா, மீன் வாங்கப் போகிறேன், சம்பந்தியம்மாவுக்கு என்ன மீன் வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

வீட்டுக்கு எப்போது வருகிறாய் லாத்தா என்று கேட்டேன். அவள் தலையணையை முதுகுக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குலே அங்கன வரணும்? வேணும்னா நீ இங்கன வா."